பத்து டன்

என் வீட்டுக்காரர் சாமிதுரை காட்டு வேலைக்குப் போகும்போது தலை சீவ மாட்டார். வீடியோ எடுக்கப் போகும்போது சீவுவார். அதனால் அவர் காலையில் கண்ணாடி முன்னால் நின்றாலே அன்றைக்கு எங்கள் காட்டில் ஒரு வேலையும் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் புரட்டாசியில் வாரத்துக்கு நாலு நாள் சீவினார்.

செட்டிகுளத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். அதைத்தான் காடு என்போம். ஊரில் எல்லோரையும் போலச் சின்ன வெங்காயம் போடுகிறோம். வைகாசியில் நட்டு ஆவணியில் பறித்ததைக் காட்டிலேயே பட்டறை போட்டு வைத்திருந்து, அடுத்த நடவுக்கு விதையாக விற்போம், நாங்களும் நடுவோம். பட்டறை என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் குச்சி பரப்பி, நாலு பக்கமும் காற்றுப் புகுகிற மாதிரி தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்த நீளமான கொட்டகை. உள்ளே வெங்காயம் கிடக்கும். நன்றாக இருக்கிற பட்டறையைப் பார்த்தாலே மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

எங்கள் பட்டறையை அவருடைய வீடியோவில் யாரும் பார்த்திருக்க முடியாது. அதில் வருவது பக்கத்துக் காட்டு ராசாங்கத்தின் பட்டறை.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் 'சாமிதுரை விவசாயப் பண்ணை' என்று ஒரு சேனல் தொடங்கினார். ஒன்றரை ஏக்கருக்குப் பண்ணை என்று பெயர் வைத்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் வீடியோ, பட்டறைக்குக் கீற்று வேய்வது எப்படி என்று. எங்கள் சொந்தப் பட்டறைதான். நல்ல வீடியோ, எல்லாம் உண்மை. நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். அதில் நாலு தடவை நானே பார்த்தது.

இரண்டாவது வீடியோவுக்கு ராசாங்கத்தின் காட்டுக்குப் போனார். அங்கே காலை வெயில் நன்றாக விழுகிறதாம். ராசாங்கத்துக்கு நாலு ஏக்கர், வரிசையாக மூன்று பட்டறை. அதற்கு முன்னால் நின்று இவர் மண்புழு உரத்தைப் பற்றிப் பேசினார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கீழே யாரோ ஒருவர், "இது உங்க பட்டறையா அண்ணே? பிரமாதம்" என்று எழுதியிருந்தார். இவர் அதற்கு ஒரு இதயப் படம் போட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிவப்பாக ஒரு இதயம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிடித்தது சனி.

அந்த வீடியோவை ஆறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பிறகு எந்த வீடியோவும் எங்கள் காட்டில் எடுக்கப்படவில்லை. ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்டார்கள். நல்ல வருடத்தில் எங்களுக்கு நாலரை, ஐந்து வரும். இவர் ஆறு என்றார். அடுத்த வீடியோவில் ஏழரை. போன வருடம் பொங்கல் சமயத்தில் பத்து டன் ஆகிவிட்டது. வெங்காயம் காட்டில் வளர்ந்ததைவிட இவர் வாயில் வேகமாக வளர்ந்தது.

"என்னங்க இது, வாய் கூசாம பத்து டன்னுங்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது அம்சா. எல்லாரும் பன்னெண்டுங்கறான். நான் கம்மியாத்தான் சொல்றேன்."

ராசாங்கத்திடம் போய் முறையிட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட வுடும்மா. நான் பெரம்பலூரத் தாண்டுனதில்ல, எம் பட்டறையாச்சும் நாலு ஊரு பாக்கட்டும்" என்றார்.

இப்போது இருபத்து மூன்றாயிரம் பேர் இவரைப் பின்தொடர்கிறார்கள். தினமும் யாராவது போன் செய்வார்கள். தேனி என்பார்கள், திண்டுக்கல் என்பார்கள். "பத்து டன் சாமிதுரை சாருங்களா?" என்று தொடங்குவார்கள். இவர் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் ஒரு நாளும் பேசாத குரலில், "எல்லாம் மண்ணுத் தாயோட ஆசீர்வாதம் சார்" என்பார். நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொள்வேன்.

சரி, யாரோ எங்கேயோ பார்க்கிறார்கள், இவருக்கும் ஒரு சந்தோஷம், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் ஆவணியில் எங்களுக்கு விழுந்தது நல்ல அடி. பயிரில் கோழிக்கால் நோய் வந்தது. தாள் எல்லாம் கோழிக்கால் மாதிரி முறுக்கிக்கொண்டு, வெங்காயம் திரளவே இல்லை. தப்பியதைப் பறிக்கும்போது ஐந்து நாள் விடாத மழை. பறித்த வெங்காயத்தை மூன்று நாளாவது காட்டில் காயப்போட்டு, தாளை அறுத்து, சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் பட்டறையில் போட வேண்டும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாவது நாள் வெயில் அடித்தது. இவர் தலை சீவிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கே பட்டறையில ஏத்திரணும். 'பட்டறை நிரப்பும் திருவிழா'ன்னு ஒரு வீடியோ. நம்ம வெங்காயத்த ஏத்தி, கடேசில ராசாங்கம் பட்டறையக் காட்டி முடிச்சிரலாம்" என்றார்.

"ஈரமா இருக்குங்க. மூணு நாள் போவட்டும்."

"நாளைக்கு மழன்னு போட்டிருக்கான். வெளிச்சம் போயிரும்டி."

வெங்காயம் போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. வெளிச்சம் போய்விடும் என்று பயந்தார். ஈரத்தோடு ஏற்றினோம். வீடியோ ஜோராக வந்தது. இருபதாம் நாள் பட்டறையிலிருந்து நாற்றம் கிளம்பியது. தட்டியைப் பிரித்துப் பார்த்தால் பாதி வெங்காயம் கூழாக வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இவர் போட்ட வீடியோவின் தலைப்பு, 'விதை வெங்காயம் ஒன்றுகூட அழுகாமல் காப்பது எப்படி'.

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் தம்பி முத்தமிழ் போன் செய்தான்.

முத்தமிழுக்கு ஊர் விக்கிரமங்கலம். எங்கள் பிறந்த வீடு அதுதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். குவாரிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே பன்னிரண்டு வருடமாகப் புழுதி தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. களிமண். மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும். அதில் பருத்தியோ மக்காச்சோளமோதான் போடுவான்.

"அக்கா, ரெண்டு ஏக்கராவுலயும் வெங்காயம் போடப் போறேன். பெரம்பலூர்ல விதைக்குச் சொல்லியாச்சு. வியாழக்கிழம வண்டி வந்து எறக்கிரும். வெள்ளிக்கிழம நடவு. மாமாகிட்டயே விதை கேட்டேன், எல்லாம் புக் ஆயிடுச்சுன்னுட்டாரு" என்றான்.

"அவரு சொல்றத நம்பாதடா. இந்த வருசம் எங்களுக்கு மூணு டன்னுகூட வல்ல. அதுலயும் பாதி அழுவிப்போச்சு" என்றேன்.

அவன் அதை அங்கே திருப்பிச் சொன்னது கேட்டது. பிறகு அவன் மனைவி மஞ்சுவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "நாம முன்னுக்கு வர்றதுன்னா மட்டும் அண்ணிக்கு மூணு டன்னு ஆயிடுமே." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி. நான் அவன் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனாம்.

"நான் மாமாகிட்ட நல்லா வெசாரிச்சிட்டேங்க்கா. களிமண்ணுலயும் பத்து வருமான்னு கேட்டேன். எட்டாவது வரும்டா மாப்ளன்னாரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "முத்தமிழுகிட்ட எட்டு டன் வரும்னு சொன்னீங்களா?"

அவர் ரசத்தைப் பார்த்தார். "அவன் கேட்டான், சொன்னேன்."

"இப்பவே போன் போட்டு உள்ளதச் சொல்லுங்க. நாளை மறுநாள் விதை எறங்கிரும். எறக்கிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"எப்புடிடி சொல்றது? மாப்ள அவன். கல்யாணத்தப்பவே எங்க குடும்பத்த ஏற எறங்கப் பாத்த ஆளுங்க உங்க ஆளுங்க. இப்பதான் ரெண்டு வருசமா மாமா மாமான்னு மரியாதையா பேசுறான். அவங்கூட ஓட்டுறவன்கிட்ட எல்லாம் எங்க மாமான்னு வீடியோவக் காட்டுறானாம்."

"அதுக்காக அவன் குடி கெடணுமா?"

"ஒண்ணும் கெடாது. நல்லா மழ இல்லாம இருந்தா வந்தாலும் வரும்."

ஐப்பசியில் மழை இல்லாமல் இருக்குமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இருபத்து மூன்றாயிரம் பேரிடம் மூச்சு விடாமல் பேசுகிற வாய். ஒரே ஒரு ஆளிடம், அதுவும் சொந்த மச்சினனிடம், ஒரு உண்மையைச் சொல்ல வரவில்லை. புதன்கிழமை காலை வரைக்கும் பார்த்தேன். அவர் எழுந்தார், குளித்தார், கண்ணாடி முன்னால் போய் நின்று சீப்பை எடுத்தார்.

நான் நேராகக் காட்டுக்குப் போனேன். பட்டறைத் தட்டியைப் பிரித்தேன். ஒரு உரச்சாக்கில் பாதி அளவுக்கு அழுகின வெங்காயத்தை அள்ளிக் கட்டினேன். வீடியோவில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். நாற்றத்தை அனுப்ப முடியாது. அதை நான்தான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர் வரை டவுன் பஸ்ஸில் தெரிந்த முகங்கள். மூக்கைப் பொத்தினாலும் ஒன்றும் சொல்லவில்லை. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியபோதுதான் வந்தது வினை.

"யம்மா, சாக்குல என்ன, செத்த எலியா?" என்று கத்தினார் கண்டக்டர்.

"வெங்காயங்க."

"இதுவா வெங்காயம்? எறங்கு, எறங்கு."

"கடேசி சீட்டுல வச்சிக்கிறேங்க. அவசரம். லக்கேஜ் டிக்கெட்டும் போடுங்க."

"இதுக்கு லக்கேஜ் போடக் கூடாதும்மா, ஆம்புலன்ஸ் போடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழித்தார். கடைசி சீட்டில் ஜன்னலை முழுசாகத் திறந்து, சாக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"செட்டிகுளங்க."

"அட! அங்க ஒருத்தரு ஏக்கருக்குப் பத்து டன் எடுக்குறாரே. எம் மவன் போன்ல காட்டுனான். ஒனக்குத் தெரியுமா அவர?"

"தெரியுங்க. எங்க வூட்டுக்காரருதான்."

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"அந்தப் பத்து டன்னுலேர்ந்து அள்ளுனதுதாங்க."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா தமாஷு பண்றம்மா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பொய்யைச் சொன்னால் போன் நம்பர் கேட்கிறார்கள். இந்த உலகத்தில் எப்படிப் பிழைப்பது?

அரியலூரில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, விக்கிரமங்கலம் போய்ச் சேர மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. தம்பி வீட்டில் இல்லை, வயலில் இருந்தான். சாக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தேன். இரண்டு ஏக்கரையும் உழுது, பாத்தி கட்டி, வாய்க்கால் இழுத்து வைத்திருந்தான். அத்தனை நேர்த்தியாக இருந்தது. லாரி ஓட்டுகிறவன் லீவு போட்டு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

"வாக்கா! என்ன திடீர்னு? என்ன நாத்தம் இது?" என்று ஓடி வந்தான். மஞ்சுவும் வாய்க்கால் வரப்பிலிருந்து எழுந்து வந்தாள்.

சாக்கை அவிழ்த்து அவர்கள் காலடியில் கொட்டினேன். கறுத்துப்போய், கூழாகி, புழு நெளிந்துகொண்டிருந்த வெங்காயம். மஞ்சு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான்டா எங்க பட்டறை" என்றேன்.

முத்தமிழ் குனிந்து பார்த்தான். ஒன்றை எடுத்தான், விரலில் பிசுபிசுத்தது, போட்டான். "ஒரு சாக்கு அழுவுனா எல்லாம் அழுவிடுமாக்கா? எல்லாப் பட்டறையிலயும் கொஞ்சம் கழிசல் இருக்கத்தான் செய்யும். மாமாவே வீடியோவுல சொல்லியிருக்காரு" என்றான்.

அந்த வீடியோவை எடுத்தவர் அந்த நிமிடத்தில் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

மஞ்சு அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, மூணு வாரமா இதுலயேதான் கெடக்குறோம். இவரு லாரி வேலையையும் வுட்டுட்டு வந்து நிக்கறாரு. இன்னைக்கு வந்து இதக் கொட்டுறீங்களே, நாங்க என்ன பண்ணுவோம்?"

"லாரிய வுட்டுட்டியா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாமாகிட்ட சொல்லிராதக்கா. லாரியும் ஓட்டிக்கிட்டு சைடுல பண்றேன்னுதான் சொல்லியிருக்கேன்."

ஆக இவனும் ஒரு வேஷம் போட்டிருக்கிறான். அவர் இவனிடம் பத்து டன் என்று சொல்ல, இவன் அவரிடம் சைடில் பண்ணுகிறேன் என்று சொல்ல, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு, நடுவில் நான் அழுகல் சாக்கோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

"ஒம் போன எடு. மாமாவுக்கு வீடியோ கால் போடு" என்றேன்.

போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சீவின தலை, இஸ்திரி போட்ட சட்டை. முதுகுக்குப் பின்னால் ராசாங்கத்தின் பட்டறை, தட்டி இடுக்கெல்லாம் வெங்காயம் சிவப்பாகத் தெரிய, வெயிலில் ஜொலித்தது.

"சொல்லு மாப்ள! விதை வந்திருச்சா?"

"நாளைக்குத்தான் மாமா. அக்கா இங்க வந்திருக்கு. ஒங்க பட்டறையெல்லாம் அழுவிடுச்சுன்னு சாக்கு நெறயக் கொண்டாந்து கொட்டுது. ஒரு தடவ பட்டறையக் காட்டுங்க."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்று அவருக்கு இப்போது தெரியும். இப்போதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு போனை உயர்த்தி, பின்னால் இருந்ததைக் காட்டினார். "பாரு மாப்ள, ஜம்முன்னு இருக்கு. ஒங்கக்காளுக்கு எப்பவும் பயம்" என்றார்.

முத்தமிழ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். எதற்காக அக்கா இப்படிச் செய்கிறாய் என்று கேட்கிற பார்வை.

போனை அவன் கையிலிருந்து வாங்கினேன். கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. கத்தவில்லை.

"ஏங்க, இவன் லாரி வேலைய வுட்டுட்டான்" என்றேன்.

திரையில் அவர் முகம் அப்படியே நின்றது. போன் மாட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன்.

"என்னடி சொல்ற?"

"மூணு வாரமாச்சாம். ஒங்கள நம்பி வுட்டுட்டு வந்து பாத்தி கட்டிக்கிட்டு நிக்கறான். ஒங்களுக்குப் பின்னால நிக்கறது யாரு பட்டறைங்கறத மட்டும் அவன்கிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

போனை முத்தமிழிடமே கொடுத்துவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரு தடவை பின்னால் திரும்பி ராசாங்கத்தின் பட்டறையைப் பார்த்தார். அப்புறம் படம் ஆட ஆரம்பித்தது. அவர் நடக்கிறார். வரப்பு தெரிந்தது, அவர் செருப்பு தெரிந்தது, எங்கள் மோட்டார் கொட்டகை தெரிந்தது. கேமராவைத் திருப்பிவிட்டார் போலிருக்கிறது, முகம் வரவில்லை. பிறகு எங்கள் பட்டறை வந்தது. காலையில் நான் பிரித்துப் போட்ட தட்டி அப்படியே கிடந்தது. அதன் வழியே உள்ளே இருந்த கறுப்பும், கீழே வழிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்த சேறும் தெரிந்தன. அவர் கை ஒன்று உள்ளே போய், ஒரு பிடி அள்ளி, கேமராவுக்கு முன்னால் காட்டியது.

"இதுதான் மாப்ள நம்மளது" என்றது குரல். வீடியோக் குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல். "அது ராசாங்கத்துது. ரெண்டு வருசமாவே ராசாங்கத்துதுதான். எனக்கு என்னைக்குமே அஞ்சு டன்னத் தாண்டுனதில்ல. ஒங் களிமண்ணுல வெங்காயம் போடாத."

முத்தமிழ் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"மாமா" என்றான். "மூஞ்சியக் காட்டுங்க."

"வேணாம் மாப்ள."

"சும்மா காட்டுங்க மாமா."

"வேணாம்டா." போன் அணைந்தது.

இரண்டு வருடமாக இருபத்து மூன்றாயிரம் பேருக்குக் காட்டின முகம். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்துக்கு நடுவே பாவமாகவும் இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

முத்தமிழ் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மஞ்சுதான் முதலில் பேசினாள். "விதைக்காரனுக்கு இப்பவே சொல்லிருங்க. வண்டி கெளம்பிரப் போவுது." அவன் போன் போட்டுச் சொன்னான். அந்த ஆள் பத்து நிமிடம் திட்டினார். வாங்கிக்கொண்டான். அதன் பிறகு இன்னொரு போன் போட்டான். லாரி முதலாளிக்கு. எழுந்து, எங்களுக்குக் கேட்காத தூரத்துக்கு நடந்து போய்ப் பேசினான். திரும்பி வந்து, "திங்கக்கிழம வந்து பாருங்கறாரு" என்றான். கிடைக்குமா, கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை.

"கட்டுன பாத்தியில மக்காச்சோளத்தப் போட்டுக்கலாம். வூட்டுக்கு வந்து சாப்புடுங்க அண்ணி" என்றாள் மஞ்சு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்றம் பிடித்த கை. போனில் தான் பேசியதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது முத்தமிழ் பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். "மாமா எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. நான் என்ன செஞ்சிருக்கப் போறேன்?" என்றான்.

"நீ லாரிய வுட்டத அவருகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது.

நான் செட்டிகுளத்தில் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. காட்டுக்குப் போனேன். எங்கள் பட்டறையின் தட்டி முழுவதும் பிரிக்கப்பட்டிருந்தது. அவர் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அழுகினதை ஒரு பக்கமும் தேறினதை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார். பழைய லுங்கி. தலை கலைந்திருந்தது. முழங்கை வரை சேறு.

"மாப்ள என்ன சொன்னான்?" என்று நிமிராமல் கேட்டார்.

"விதைய வேணாம்னுட்டான். திங்கக்கிழம லாரி ஆபீசுக்குப் போறான்."

"மறுபடி சேத்துக்குவாங்களா?"

"தெரியாது."

அவர் கையில் இருந்த வெங்காயத்தைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய் வரை வந்தது. கேட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். அதற்குள் போன் மணி அடித்தது.

தெரியாத நம்பர். இரண்டு கையிலும் சேறு. அவர் சுண்டு விரலால் ஸ்பீக்கரைத் தொட்டார்.

"வணக்கம் சார்! ஒட்டன்சத்திரத்துலேர்ந்து பேசுறேன். பத்து டன் சாமிதுரை சாருங்களா?"

அவர் தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும். அடுத்து மண்ணுத் தாய் வருவாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"சாமிதுரைதாங்க" என்றார். "பத்து டன் இல்லீங்க."

"சார்?"

"எனக்கு இந்த வருசம் மூணு டன்னுகூட வல்லீங்க. அதுலயும் பாதி அழுவிப்போச்சு. இப்ப அதத்தான் பொறுக்கிக்கிட்டிருக்கேன். வீடியோவுல நீங்க பாக்கற பட்டறை என்னுது இல்லீங்க, பக்கத்துக் காட்டுக்காரருது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார், அடி விழப்போகிற மாதிரி. பிறகு போனில் ஒரு பெரிய சிரிப்புக் கேட்டது.

"இதான் சார் ஒங்ககிட்ட எனக்குப் புடிச்சது. தன்னடக்கம்! இவ்வளவு பெரிய ஆளு, மூணு டன்னுங்கறீங்க பாருங்க. சரி சார், தொழில் ரகசியம், புரியுது. விதை எங்க வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாகப் பொய் சொல்லித் திணறாத மனுஷன், இப்போது திணறினார்.

"என்னடி பண்றது இப்ப?" என்று வாயைக் குவித்துக் கிசுகிசுத்தார்.

நான் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அழுகின வெங்காயம் ஒன்றை எடுத்து அந்தப் பக்கக் குவியலில் எறிந்தேன்.

"திரும்பவும் சொல்லுங்க" என்றேன். "அவரு நம்புற வரைக்கும் சொல்லுங்க."

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "சார், நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. அந்தப் பட்டறை ராசாங்கம்ங்கறவருதுங்க" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.